மரப் பந்தயக் கார் சமதளத்தில் அலைகிறது: அச்சையும் சக்கரத்தையும் எப்படிச் சீராக்குவது?

கோத்தகிரிக் கணக்கர் எழுதியது:

வணக்கம். நான் கோத்தகிரிக்கு அருகே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுபவன். இயந்திரம் என்றால் அதன் இரைச்சல் மட்டுமே எனக்குப் பழக்கம். நியூ ஜெர்சியில் இருக்கும் என் தம்பி சென்ற கோடையில் வந்தபோது, அங்கே சாரணச் சிறுவர்கள் செய்து ஓட்டும் மரக்காருக்கான பெட்டி ஒன்றை என் மகளுக்குக் கொண்டுவந்து கொடுத்தான். ஏழு அங்குல நீளமுள்ள பைன் கட்டை ஒன்று, பிளாஸ்டிக் சக்கரங்கள் நான்கு, அச்சுக்கு ஆணிகள் நான்கு. அந்தப் பெட்டியில் இருந்தவை இவ்வளவுதான். குன்னூரில் சில குடும்பங்கள் சேர்ந்து டிசம்பர் விடுமுறையில் பிள்ளைகளுக்கு இந்தப் பந்தயத்தை நடத்துகிறார்கள் என்று தெரிந்ததும், ஒன்பது வயது மகளும் நானும் வேலையைத் தொடங்கிவிட்டோம்.

தடத்தின் நீளம் 32 அடி. தொடக்கத்தில் சரிவு, அதன் பிறகு சமதளம். ஒவ்வொரு ஓடுபாதையின் நடுவிலும், காரின் வயிற்றுக்குக் கீழே வரும்படி, வழிகாட்டும் மரப்பட்டை ஒன்று நீளவாக்கில் ஓடுகிறது. எடை 5 அவுன்ஸைத் தாண்டக் கூடாது, அதாவது 141.7 கிராம், சக்கரமும் ஆணியும் பெட்டியில் வந்தவையாகவே இருக்க வேண்டும், ஆணியை மெருகேற்றிக்கொள்ளலாம். எங்களுக்குச் சொல்லப்பட்ட விதிகள் இவை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை ஓட்டத்தில் எங்கள் கார் சரிவில் எல்லாவற்றுக்கும் முன்னால் வந்தது. சமதளத்தைத் தொட்டதும் வாலை ஆட்டத் தொடங்கியது. நடுப்பட்டையில் இடது பக்கம் ஒரு முட்டு, வலது பக்கம் ஒரு முட்டு என்று நான்கு முறை 'டக், டக்' என்ற ஓசை காதில் விழுந்தது. கடைசி ஆறேழு அடியில் மற்ற மூன்று கார்களும் அதைக் கடந்துவிட்டன. மகள் ஒன்றும் சொல்லவில்லை. காரைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டாள். அவள் அழுதிருந்தால்கூட எனக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது.

இதுவரை செய்தவற்றை அப்படியே எழுதுகிறேன். ஆணிகளை உப்புத்தாளால் கையிலேயே தேய்த்தோம். பென்சில் கரியைப் பொடித்துச் சக்கரத் துளைகளில் தூவினோம். முன்சக்கரங்கள் இரண்டும் இறுக்கமாகத் தோன்றியதால் அவற்றுக்குத் தையல் இயந்திர எண்ணெய் ஒவ்வொரு சொட்டு விட்டோம். மழையில் வண்ணப்பூச்சு காயாததால், கட்டையை ஓர் இரவு முழுவதும் தொழிற்சாலையில் தேயிலை உலர்த்தும் டிரையருக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். காரின் எடை இப்போது 118 கிராம். சக்கரத்தை விரலால் சுண்டிவிட்டுப் பார்த்தால், பின்பக்க வலது சக்கரம் 22 விநாடி சுழல்கிறது. முன்பக்க இடது சக்கரம் 9 விநாடியில் நின்றுவிடுகிறது. அந்த ஒரு சக்கரத்தைச் சரிசெய்தால் போதுமா, அல்லது கோளாறு வேறு எங்காவது இருக்கிறதா என்று தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழைய பிட்டர், குன்னூர் எழுதியது:

தம்பி, நான் மலை ரயில் பணிமனையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். பேரனுக்காக இந்த மரக்கார் வேலையில் இறங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஆணிமேல் சுழலும் உங்கள் சக்கரத்துக்கும், ரயில் அச்சின் முனையைத் தாங்கும் அச்சுப்பெட்டிக்கும் அளவில்தான் பெரிய வேறுபாடு. இரண்டிலும் ஓர் உலோகத் தண்டும் அதைச் சுற்றிய பகுதியும் உரசிக்கொள்கின்றன, அந்த உரசலைக் குறைப்பதுதான் வேலை.

முதலில் எண்ணெய் விவகாரத்தைப் பேசிவிடுகிறேன். கரிப்பொடி தூவிய துளையில் எண்ணெய் விட்டால் இரண்டும் சேர்ந்து களிம்பாகிவிடும். பிறகு சக்கரம் அந்தக் களிம்பை உழுதுகொண்டுதான் சுழலும். பென்சிலில் இருப்பதும் தனிக் கிராபைட் அன்று. அதில் களிமண் கலந்திருக்கிறது, அது நன்றாகவே அராவும். ஆகவே நான்கு சக்கரங்களையும் கழற்றி, பாத்திரம் கழுவும் சோப்பு கரைத்த வெதுவெதுப்பான நீரில் கழுவி, துளைக்குள் பஞ்சுத் திரியை விட்டு எடுத்து, ஒரு நாள் முழுவதும் காயவிடுங்கள். பெட்ரோல், தின்னர் போன்றவை இந்தப் பிளாஸ்டிக்கின் கிட்டவே வரக்கூடாது. துளையின் உட்சுவர் கெட்டுவிடும். பூட்டுக்குப் போடும் கிராபைட் தூள் சிறு குழலில் வன்பொருள் கடைகளில் கிடைக்கும். காய்ந்தபின் அதை மட்டும் போடுங்கள்.

இனி ஆணிக்கு வருவோம். ஒன்றை எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில், தலை உங்கள் பக்கம் சாய்ந்திருக்கும்படி பிடித்துப் பாருங்கள். தலைக்குக் கீழே, தண்டின் இரு பக்கமும் எதிரெதிராக இரண்டு சிறு மேடுகள் தெரியும். ஆணியைச் செய்யும்போது அச்சுக்கட்டை கவ்விப் பிடித்த இடம் அது. கண்ணுக்குத் தெரியாவிட்டால் நகத்தை மெல்ல இழுத்துப் பாருங்கள், நகம் தடுக்கும். தலையின் அடிப்பக்கமும் பெரும்பாலும் சமமாக இருக்காது. ஓரத்தில் பிசிறு நிற்கும். சக்கரம் எந்த இடத்தில் ஆணியோடு உரச வேண்டுமோ அந்த இடத்திலேயே இந்தப் பிசிறுகள் இருக்கின்றன. கையால் உப்புத்தாளை ஓட்டினால் தண்டு பளபளக்கும், மேடு மட்டும் அப்படியே இருக்கும். நீங்கள் செய்தது அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

கூர்முனை உள்ளே போகும்படி ஆணியைக் கை டிரில்லின் வாயில் மாட்டுங்கள். வாய் கவ்விய தழும்பு மரத்துக்குள் போகிற பகுதியில்தான் விழும், அதனால் கெடுதல் இல்லை. டிரில் மெதுவாகச் சுழலும்போது, சிறிய தட்டை அரம் ஒன்றைத் தலையின் அடிப்பக்கத்தில் சற்றே சாய்த்துப் பிடித்தால், அங்கே கூம்புபோல் ஒரு சரிவு உருவாகும். அதன் பிறகு சக்கரத்தின் குடம், அதாவது ஆணி நுழையும் நடுப்பகுதி, தலையின் முழு வட்டத்தையும் தொடாமல் தண்டை ஒட்டிய சிறு வளையத்தை மட்டும் தொடும். அடுத்து 400, 600, 1000, 2000 என்று வரிசையாக நீரில் நனைக்கும் எமரித் தாள்கள். ஒவ்வொரு தாளும் முந்தைய தாள் விட்ட கீறலை அழிக்கும்வரை அடுத்ததற்குப் போகக் கூடாது. கடைசியில் பித்தளை துலக்கும் திரவத்தைத் துணியில் எடுத்துத் தேய்த்து, பிறகு துணியால் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள். மெருகு போதும், ஆணியை இளைக்க வைக்க வேண்டாம். தண்டு மெலிந்தால் சக்கரத்தில் ஆட்டம் கூடும், ஆட்டம் கூடினால் நேர்கோடு போய்விடும்.

குடத்துக்கும் மரத்துக்கும் இடையே இருக்க வேண்டிய வெளியைப் பார்க்கப் பழைய ஏடிஎம் அட்டை ஒன்று போதும். அதன் தடிமன் முக்கால் மில்லிமீட்டர். சக்கரத்தைத் தலைப்பக்கம் தள்ளி வைத்தால், உட்பக்கத்தில் அந்த அட்டை இறுகாமல் போய்வர வேண்டும். வெளி அதைவிடக் குறைந்தால் குடம் மரத்தில் உரசும். ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் போனால் வால் ஆடும்.

கடைசியாக ஒன்று. நம் மலைப்பக்கத்துப் பனிமூட்டத்தில் கிராபைட் ஈரம் குடித்து வீணாகிவிடும், ஆகையால் பந்தயத்தன்று காலையில்தான் போட வேண்டும் என்பது என் பழக்கம்.

கொடைமலை ஆசிரியர் எழுதியது:

பெரியவர் சொன்ன ஆணி வேலை முழுவதும் சரி. பல ஆண்டுகள் அரம் பிடித்த கை எழுதியது என்று படிக்கும்போதே தெரிகிறது. ஆனால் வரிசையை மாற்ற வேண்டும் என்பது என் கருத்து. கேள்வி கேட்டவரின் கார் சரிவில் முந்தியிருக்கிறது, சமதளத்தில் அலைந்திருக்கிறது. உராய்வு மட்டுமே கோளாறு என்றால் கார் மெல்ல மெல்ல வேகம் இழந்திருக்கும். பட்டையில் மாறி மாறி முட்டியிராது. அலைவதற்குக் காரணம் சக்கரங்கள் வெவ்வேறு திசையைப் பார்ப்பது. அதைச் சரிசெய்யாமல் ஆணியைக் கண்ணாடிபோல் ஆக்கினாலும், ஒவ்வொரு முட்டிலும் வேகம் போய்க்கொண்டுதான் இருக்கும்.

நான் கொடைக்கானலில் பிள்ளைகளுக்கு இயற்பியல் கற்பிக்கிறேன். இந்தக் காரை வகுப்பில் எடுத்துக்காட்டாக வைத்திருப்பதற்கு ஒரு கணக்குக் காரணமாக இருக்கிறது. சக்கரத்தின் விட்டம் சுமார் 30 மில்லிமீட்டர், ஆணியின் விட்டம் சுமார் 2.2 மில்லிமீட்டர். ஆணியில் நேரும் உராய்வு சக்கரத்தின் விளிம்பில் காரைப் பின்னிழுக்கும் விசையாக வந்து சேரும்போது ஏறக்குறைய 14-இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. மெல்லிய அச்சும் பெரிய சக்கரமும் நமக்குத் தரும் சலுகை இது. ஆனால் குடத்தின் ஓரம் மரத்தில் உரசத் தொடங்கினால், உரசும் இடம் மையத்திலிருந்து விலகிவிடுகிறது. ஆணியின் ஆரம் 1.1 மில்லிமீட்டர்தான், குடத்தின் ஓரமோ அதைப்போல் மூன்று நான்கு மடங்கு தள்ளி நிற்கிறது. உராய்வும் அதே மடங்கில் பலமாகப் பின்னிழுக்கும், அதோடு மரம் மெருகேறிய உலோகமும் அன்று. எனவே ஓடும்போது சக்கரம் ஆணியின் எந்தக் கோடியில் போய் நிற்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தலைப்பக்கம் நின்றால் நல்லது. மரத்தின் பக்கம் ஒட்டினால் தலைவலி.

சுண்டிப் பார்க்கும் சோதனையை அதிகம் நம்பாதீர்கள். அப்போது ஆணிமேல் இருப்பது சக்கரத்தின் எடை மட்டும். தடத்தில் ஓடும்போது காரின் எடை முழுவதும் ஆணிகள் வழியாகத்தான் சக்கரங்களில் இறங்குகிறது. 22 விநாடி சுழன்ற சக்கரம் பாரம் ஏறியதும் மரத்தை நோக்கி ஓடலாம். 9 விநாடியில் நின்றது ஒழுங்காகவும் ஓடலாம்.

அதற்குப் பதிலாக இப்படிச் செய்து பாருங்கள். கண்ணாடி மேசை அல்லது நன்றாக இழைத்த பலகையின்மேல் காரை வைத்து, கையால் தொட்டுக்கொண்டே ஓர் அடி தூரம் முன்னே உருட்டுங்கள், பிறகு பின்னே உருட்டுங்கள். பின்சக்கரங்கள் இரண்டையும் மட்டும் கவனியுங்கள். முன்னே போனாலும் பின்னே போனாலும் சக்கரம் தலைப்பக்கமே நகர்ந்தால் அந்த ஆணி சரியாக இருக்கிறது. இரு திசையிலும் மரத்தின் பக்கமே நகர்ந்தால், ஆணியின் வெளிமுனை கீழ்நோக்கிச் சரிந்திருக்கிறது. அதைச் சற்று மேல்நோக்கித் தூக்க வேண்டும். முன்னே போகும்போது ஒரு பக்கமும் பின்னே வரும்போது மறுபக்கமும் நகர்ந்தால், சக்கரம் நேராகப் பார்க்காமல் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கிறது என்று பொருள்.

வெளிமுனையைத் தூக்குவதற்கு ஆணியை வளைக்கத் தேவையில்லை. காரைக் கவிழ்த்து, ஆணி உட்காரும் பள்ளத்தின் உட்கோடியில், அதாவது ஆணியின் கூர்முனைக்கு அடியில், திருமண அழைப்பிதழ் அட்டையிலிருந்து ஒரு மெல்லிய துண்டை வெட்டி வையுங்கள். மரத்துக்குள் இருக்கும் ஆணியின் நீளம் 20 மில்லிமீட்டர், அட்டையின் தடிமன் 0.3 மில்லிமீட்டர் என்றால், ஒரு துண்டுக்கு ஒரு பாகைக்குச் சற்றுக் குறைவான சாய்வு கிடைக்கும். இரண்டு துண்டுகள் வைத்தால் போதும். காரை நிமிர்த்திப் பின்னாலிருந்து பார்க்கும்போது இரு பின்சக்கரங்களின் மேல்விளிம்புகளும் ஒன்றை நோக்கி ஒன்று மிகமிக லேசாகச் சாய்ந்திருக்கும். பாரம் ஏறியதும் சாய்ந்த ஆணி உட்பக்கமாகச் சறுக்கப் பார்க்கும், அதன் தலை சக்கரத்தை வந்து தொடும், குடம் மரத்தை விட்டு விலகிவிடும்.

முன்சக்கரங்களைப் பற்றி இரு கட்சிகள் உண்டு. ஒன்று, கார் நேராகவே ஓட வேண்டும் என்பது. மற்றொன்று, எப்படியும் கார் பட்டையைத் தொடத்தான் போகிறது, ஆகவே மாறி மாறி முட்டவிடாமல் ஒரு முன்சக்கரத்தின் உள்விளிம்பை மட்டும் பட்டையின் ஒரு பக்கத்தோடு மென்மையாக ஒட்டி ஓடவிடலாம் என்பது. நான் இரண்டாம் கட்சி. இடது முன்சக்கரத்தைச் சிறிதளவு உள்நோக்கித் திருப்பிவிட்டால் கார் வலப்பக்கம் சாய்ந்து போகப் பார்க்கும். அந்தச் சக்கரம் பட்டையின் இடப்பக்கத்தை உரசியபடி வழிகாட்டும். பின்சக்கரங்கள் பட்டையைத் தொடாமல் தங்கள் வழியில் வரும். நான்கடி நீளமுள்ள பலகையில் நேர்கோடு போட்டு, அதன்மேல் காரை மெல்ல உருளவிட்டால், கடைசியில் கோட்டிலிருந்து நாலைந்து அங்குலம் விலகியிருக்க வேண்டும். வலது முன்சக்கரத்தைத் தரையில் படாமல் சற்றுத் தூக்கிவிடுவதும் இந்த முறையில் வழக்கம். சுழலாத சக்கரத்துக்கு ஆற்றல் செலவில்லை.

கிராபைட் பற்றி மட்டும் பெரியவரோடு மாறுபடுகிறேன். கிராபைட்டின் வழுவழுப்புக்குக் காற்றில் உள்ள நீராவியே துணை செய்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது மிக உயரத்தில் பறந்த விமானங்களில், அங்குள்ள உலர்ந்த மென்காற்றில் மின் இயந்திரங்களின் கரித்தூரிகைகள், அதாவது சுழலும் பகுதியை உரசி மின்சாரம் கடத்தும் கிராபைட் கட்டைகள், மளமளவென்று தேய்ந்துபோயின. இந்த உண்மை அப்போதுதான் பலருக்கும் உறைத்தது. பனிமூட்டத்தால் கிராபைட் கெடாது. சொட்டாக நீர் படிந்தால் தூள் கட்டிபிடிக்கும், அது வேறு. மூடியுள்ள தகரப் பெட்டியில் காரை வைத்திருந்தால் முதல் நாளே போட்டுச் சக்கரங்களைச் சுற்றிச் சுற்றிப் பழக்கிவிடலாம். உண்மையில் அப்படிப் பழகிய துளைதான் நன்றாக ஓடுகிறது.

உங்கள் கேள்வியில் என் கண்ணில் பட்டது டிரையர். நீலகிரியின் கிழக்குச் சரிவில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கட்டையை ஓர் இரவு சூட்டில் உலர்த்தி, மறுநாள் மூடுபனிக்குள் கொண்டுவந்தால் மரம் சும்மா இருக்காது. மரம் நார் ஓடும் நீளவாக்கில் ஏறக்குறைய மாறுவதே இல்லை. குறுக்குவாக்கில் சுருங்கும், உப்பும், சில சமயம் முறுக்கிக்கொள்ளும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம் அப்படியே இருக்கும், ஆனால் ஆணிப் பள்ளங்களின் ஆழமும் சாய்வும் மாறிவிடும். நீங்கள் கட்டையை உலர்த்துவதற்கு முன் ஆணிகளைப் பொருத்தினீர்களா, பின்பா?

ஊட்டி அம்மா எழுதியது:

சார், ஆசிரியர் சொன்ன மூன்று சக்கர முறையைக் கையில் எடுக்கும் முன் நடத்துபவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நான்கு சக்கரமும் தரையைத் தொட வேண்டும் என்று விதி வைக்கும் இடங்கள் உண்டு, வளைத்த ஆணியையே ஏற்காத இடங்களும் உண்டு. விதி வாயால் சொல்லப்பட்டிருந்தால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊரில் என் மகனின் கார் எடை போடும் மேசையிலேயே நின்றுபோனது. வீட்டுத் தராசில் 141.5 காட்டிய கார் அங்கே 142.1 காட்டியது. வரிசையில் பின்னால் இருபது பிள்ளைகள் நிற்க, அவன் காரைக் கவிழ்த்து வைத்து, ஒட்டிய ஈயத்தைப் பேனாக்கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தான். பதற்றத்தில் பின் ஆணி ஒன்றை அவன் விரலே தள்ளிவிட்டது. அவனுடைய முதல் ஓட்டம் எப்படி இருந்திருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அதிலிருந்து நகைக்கடைத் தராசில் நிறுத்து 141 கிராமோடு நிறுத்திக்கொள்வோம்.

உங்கள் காரில் இன்னும் 23 கிராமுக்கு மேல் இடம் இருக்கிறதே, அதை ஏன் யாரும் சொல்லவில்லை என்று வியந்தேன். ஒரே உயரத்திலிருந்து இறங்கும் இரு கார்களுக்கு உராய்வில்லாத உலகத்தில் எடை ஒரு பொருட்டன்று. ஆனால் காற்றின் தடை காரின் எடையைப் பார்த்து வருவதில்லை. கனமான காரின் வேகத்தை அதனால் அவ்வளவாகக் குறைக்க முடியாது. சமதளத்தில்தான் இது தெரியும். எடையைப் பின்பக்கமாக வைக்க வேண்டும், ஏனென்றால் சரிவில் நிற்கும்போது பின்பக்கம்தான் உயரத்தில் இருக்கிறது. காரை ஓர் அளவுகோலின் விளிம்பில் நிறுத்திப் பாருங்கள். பின் அச்சுக்கு முன்னால் ஓர் அங்குலத்தில் அது சமனாக நின்றால் நல்லது. அதைவிடப் பின்னால் போனால் முன்சக்கரங்களில் பாரம் குறைந்து கார் மறுபடியும் அலையும். டங்ஸ்டன் ஈயத்தைவிட அடர்த்தியானது, ஈயத்தின் 11.3-க்கு அது 19.3, இருந்தாலும் அதைத் தேடி அலைய வேண்டாம். செம்பும் நிக்கலும் கலந்த பழைய கனமான ஐந்து ரூபாய் நாணயம் ஒன்று 9 கிராம். அடிப்பக்கத்தில் குழி தோண்டி அதில் இரண்டை ஒட்டுங்கள், மீதியைச் சிறு இரும்புத் துண்டுகளால் நிரப்புங்கள். ஈயம் என்றால் குழந்தையின் கையில் கொடுக்காதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். 1953-இல் கலிபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச்சில் டான் மர்பி என்பவர் இந்தப் பந்தயத்தைத் தொடங்கியதற்குக் காரணம், பெரிய வண்டிப் பந்தயத்தில் சேரத் தம் மகனுக்கு வயது போதவில்லை என்பதுதான். நீங்கள் எழுதியதில் "தேய்த்தோம்", "விட்டோம்" என்று பன்மை இருக்கிறது, அது மகிழ்ச்சி. டிரில்லை நீங்கள் பிடியுங்கள், எமரித் தாளை அவள் பிடிக்கட்டும். முதல் பந்தயத்துக்குக் கார் நேராக ஓடினால் போதும். பட்டையோடு ஒட்டவிடுவதெல்லாம் அடுத்த ஆண்டு.

கொடைமலை ஆசிரியர் எழுதியது:

அம்மா சொல்வது நியாயம். நான்கு சக்கரமும் தொட வேண்டும் என்றிருந்தாலும் லேசான ஒரு பக்கச் சாய்வு கொடுக்கலாம் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். முழு நேர்க்கோடு என்பது மேசைமேல் கிடைக்கும். தடத்தில் ஓர் இணைப்பு சற்றுத் தூக்கியிருந்தால் போதும், போய்விடும். காற்றைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு செய்தி: ஊட்டியின் உயரம் சுமார் 2,240 மீட்டர். அங்குள்ள காற்றின் அடர்த்தி சமவெளிக் காற்றைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இதே கார் மேட்டுப்பாளையத்தைவிட ஊட்டியில் ஒரு நூலிழை வேகமாக ஓட வேண்டும். மகளிடம் சொல்லிப் பாருங்கள், அவளுக்குப் பிடிக்கும்.

கோத்தகிரிக் கணக்கர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. பத்து நாட்கள் கழித்து வந்து எழுதுகிறேன், ஏனென்றால் செய்து பார்க்காமல் எழுதக் கூடாது என்று மகள் சொல்லிவிட்டாள்.

ஆசிரியர் கேட்ட கேள்விதான் முடிச்சை அவிழ்த்தது. ஆணிகளைப் பொருத்தியது டிரையரில் வைத்து எடுத்த மறுநாள். அப்போது பள்ளங்கள் இறுக்கமாக இருந்தன. வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது இரண்டு ஆணிகள் விரலால் தள்ளினாலே நகர்ந்தன. கண்ணாடி மேசைச் சோதனையில், நாங்கள் பெருமையாக 22 விநாடி என்று எழுதிய பின்பக்க வலது சக்கரம் முன்னே உருட்டினாலும் பின்னே உருட்டினாலும் மரத்தை நோக்கியே ஓடியது. அந்த இடத்தில் வண்ணப்பூச்சு வட்டமாகத் தேய்ந்து மரம் வெளுத்திருந்ததை அதுவரை நாங்கள் பார்க்கவே இல்லை. நாங்கள் பழி சுமத்திய முன்பக்க இடது சக்கரம் களிம்பைக் கழுவியதும் ஒழுங்குக்கு வந்துவிட்டது.

கட்டையைத் தொழிற்சாலைப் பக்கம் கொண்டுபோகாமல் வீட்டுக் கூடத்திலேயே ஆறு நாள் வைத்திருந்து, நாணயங்களுக்குக் குழி தோண்டி, பள்ளங்களைத் தவிர மற்ற இடமெல்லாம் வார்னிஷ் அடித்தோம். பின் ஆணிகளுக்கு அடியில் என் மைத்துனன் கல்யாணப் பத்திரிகையிலிருந்து வெட்டிய துண்டுகளை இரண்டிரண்டாக வைத்தோம். பெரியவர் சொன்ன மேடுகள் நான்கு ஆணிகளிலும் இருந்தன. மகள் நகத்தால் தடவிக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றுக்கும் பேனாவால் அடையாளம் வைத்தாள். தொழிற்சாலை பிட்டரிடம் டிரில்லை இரவல் வாங்கி, நான் அரம் பிடிக்க, எமரித் தாள் முழுவதையும் அவளே ஓட்டினாள். 2000 எண் தாள் முடிந்தபோது ஆணியில் சன்னல் கம்பிகள் தெரிந்தன.

குன்னூரில் கேட்டதற்கு, நான்கு சக்கரமும் தரையைத் தொட வேண்டும், அட்டை வைத்துச் சாய்ப்பதில் தடையில்லை என்றார்கள்; எழுதியும் வாங்கிக்கொண்டேன். முதலில் நான்கடிப் பலகையில் கார் 11 அங்குலம் இடப்பக்கம் போனது. இடது முன் ஆணியைக் குறடால் தலையைப் பிடித்து இம்மி இம்மியாகத் திருப்பித் திருப்பி, இப்போது வலப்பக்கம் 3 அங்குலத்தில் நிற்கிறது. எடை 140.9 கிராம். நேற்றைய ஒத்திகையைக் கைப்பேசியில் படம்பிடித்துக் கணக்கிட்டோம், முன்பு 3.1 விநாடி எடுத்த கார் 2.8 விநாடியில் முடித்தது, நான்கு கார்களில் இரண்டாவதாக. பட்டையில் சமதளம் தொடங்கும் இடத்தில் ஒரே ஒரு முட்டு, பிறகு சத்தமே இல்லை. முதலில் வந்த காரின் பையனிடம் என் மகள் போய் ஆணியின் தலைக்கு அடியில் என்ன செய்தாய் என்று கேட்டதை நான் தூரத்திலிருந்து பார்த்தேன்.

ஒரே ஒரு சந்தேகம். முன் ஆணிகளை இப்போது பசை வைத்து இறுக்கிவிடலாமா, அல்லது பந்தயம் வரை விட்டுவைக்கலாமா?

பழைய பிட்டர், குன்னூர் எழுதியது:

பாப்பாவுக்கு என் வாழ்த்து. கிராபைட் விஷயத்தில் ஆசிரியர் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். இரண்டு சக்கரங்களுக்கு முதல் நாளும் இரண்டுக்குக் காலையிலும் போட்டுப் பார்த்தேன், முதல் நாள் போட்டவை ஒரு பிடி மேலாகவே ஓடின.

பசையைப் பற்றி: மரவேலைக்குப் போடும் வெள்ளைப் பசையைக் குண்டூசி முனையில் எடுத்து, ஆணியின் கூர்முனைப் பக்கத்தில் மட்டும் ஒரு புள்ளி வையுங்கள். தேவைப்பட்டால் குறடால் திருகி எடுத்துவிடலாம். உடனே ஒட்டிக்கொள்ளும் பசை வேண்டாம், அது பள்ளம் வழியாக ஓடிக் குடத்துக்குள் போய்விடும். வைப்பதற்கு முன், ஒவ்வோர் ஆணித்தலையிலும் மேல்நோக்கி ஒரு மெல்லிய பேனாக் கோடு போட்டு, அதற்கு நேராக மரத்திலும் ஒரு கோடு போட்டுவிடுங்கள். கோத்தகிரியிலிருந்து குன்னூர் வருகிற வளைவுகளில் பேருந்து காரைப் பெட்டிக்குள் எப்படி உருட்டும் என்று சொல்ல முடியாது. இறங்கியதும் பெட்டியைத் திறந்து, நான்கு கோடுகளும் ஒன்றுக்கொன்று நேராக இருக்கின்றனவா என்று பாப்பாவையே பார்க்கச் சொல்லுங்கள்.